இரும்புக்கடை முதலாளி தவுக்கேவுக்கும் மற்ற எல்லாருக்கும்

மகள் மேற்படிப்புக்காகச் சபாவில் இருக்கும் கோத்தா கினபாலு போய்ச் சேர்ந்துவிட்டாள். பதிவு முடிந்து விடுதியில் அறையும் கொடுத்துவிட்டார்களாம். நேற்று ராத்திரி அவள் போன் செய்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது, அந்தச் சூட்டோடு இதை எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் தெரியாதவர்கள் குறைவு, அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் இப்போது எழுந்து வாசல் வரை நடக்கிறார், அது போதும்.

உதவி செய்தவர்கள் பலர், எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற பள்ளித் தேர்வுச் சான்றிதழ் நகல்களில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வீட்டுக் கதவைத் திறந்த ஆசிரியர் ஐயா, உடல் பரிசோதனைப் பாரத்தையும் எக்ஸ்ரேயையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்த கிளினிக் தங்கச்சி, பிள்ளையின் படிப்புக்குத் தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப்பிலிருந்து பணம் எடுக்க வழி இருக்கிறது என்று சொல்லி என் கைப்பேசியிலேயே மனு போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பையன், எண்ணெய் காசு கூட வாங்காமல் நடுராத்திரியில் கேஎல்ஐஏ 2 விமான நிலையம் வரை வேன் ஓட்டிய அண்ணன், மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுத்த அக்கா, கோயிலில் கவர் கொடுத்த மகளிர் குழு. அரசாங்கத்தின் பிடிபிடிஎன் படிப்புக் கடன் இருக்கிறதே, அப்புறம் ஏன் இத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்பவர்களுக்கு: அந்தக் கடனில் பெரும்பகுதி பிள்ளை போய்ப் பதிந்து, ஒப்பந்தமெல்லாம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். டிக்கெட், பெட்டி, பதிவுக் கட்டணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அதற்கு முன்னாலேயே வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. சந்தைக்குப் போகும் வழியில் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற சீனத் தவுக்கே. அவரிடம் நான் உதவி கேட்டுப் போகவில்லை. வீட்டிலிருந்த பழைய அலுமினியச் சட்டிகளையும் ஓடாத மோட்டார் இஞ்சினையும் விற்கப் போனேன். அன்றைய விலைதான் போட்டார், ஒரு காசு கூட்டிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது, அந்த நாட்களில் பாவம் பார்க்காமல் என்னிடம் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "சட்டி எல்லாம் ஏன் விக்கிற?" என்று கேட்டார். மகள் சபா போகிறாள் என்றேன். "ஏரோப்ளேனா? எத்தன கிலோ?" என்றார். டிக்கெட்டில் 20 கிலோ, கைப்பை 7 கிலோ என்று மகள் சொன்னது ஞாபகம் இருந்தது, அதைச் சொன்னேன். பெட்டியை எடை போட்டாயா என்று கேட்டார். எதில் போடுவது? எங்கள் வீட்டில் தராசு ஏது?

"பின்னேரம் கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

பின்னேரம் மகளோடு போனால், அட்டைப்பெட்டிக் கட்டுகளை நிறுக்கிற பெரிய மேடைத் தராசைத் துடைத்து, மேலே புதுச் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். பெட்டியை ஏற்றினார். 26 கிலோவைத் தாண்டி நின்றது. மகளின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், "தொற" என்றார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாளியும் குவளையும், "அங்க கட இல்லியா?" இஸ்திரிப் பெட்டி, ஓரமாகப் போனது. மாங்காய் ஊறுகாய் மூன்று போத்தல், "ஒண்ணு போதும்." ரைஸ் குக்கரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஹாஸ்டலில் தன் பையனுடைய குக்கரைப் பிடுங்கிக்கொண்டார்களாம், திரும்பக் கிடைக்கவே இல்லையாம். மகள் விடவில்லை, நான் ஒளித்து வைத்துக்கொள்வேன் அங்கிள் என்றாள். "சோறு வாசம் எங்க ஒளிச்சி வைப்ப?" என்றார். குக்கர் வீட்டுக்குத் திரும்பியது. பவர் பேங்கைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை என்று சொன்னவரும் அவர்தான். அது தெரியாமல் போயிருந்தால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து அவமானப்பட்டிருப்போம்.

19.6-இல் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே, முறுக்கு வைக்கலாமே என்றேன். "அவன் தராசு வேற, நம்ம தராசு வேற" என்று சொல்லி மூடிவிட்டு, மஞ்சள் நைலான் கயிற்றால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியுமாம். அதற்குள் கடைக்கு வந்த லாரி ஒன்று காத்துக்கொண்டிருந்தது, லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் அவர் திரும்பவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். கையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் என் மகள். கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், ஆனால் அங்கே இறங்கினால் அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும், 1963-இல் மலேசியா உருவானபோதே சபா தன் குடிநுழைவு அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது என்று ஆசிரியர் ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் மார்க் எடுக்கச் சொல்லி வளர்த்தோம், அவளும் எடுத்தாள். பெட்டி கட்டுவது எப்படி, எது கையில், எது உள்ளே, இதைச் சொல்லித்தர எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பணம் எப்படியோ புரண்டுவிடும். இந்த விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து சொல்லித்தரும் அரைமணி நேரம் அப்படிக் கிடைப்பதில்லை.

அதனால் ஒன்று செய்யப் போகிறேன். அடுத்த வருஷம் மேற்படிப்பு இடத்துக்கான யூபியூ முடிவு வந்ததும், யார் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் நேராக எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். என்னென்ன நகல், எங்கே முத்திரை, எதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இபிஎஃப் மனுவைக் கூட இப்போது நானே போட்டுக் கொடுப்பேன். எடைக்கு மட்டும் தவுக்கே கடைக்குத்தான் போக வேண்டும், நானும் கூட வருகிறேன்.

அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. பழைய பேப்பர் போடப் போகிறவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விமான நிலையத் தராசு 19.9 காட்டியதையும் சொல்லுங்கள். போன முதல் நாளே பக்கத்து அறைப் பிள்ளையின் குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், அதையும் மறக்காமல் சொல்லுங்கள், சிரிப்பார்.