அசல் பதிவை அழிக்காதீர்கள்: படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். விஜய் திவஸ் விழாவன்று, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நின்றவர்களைக் கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் செல்போனில் பதிந்தீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். போனில் இடமில்லை என்று அசலை அழித்தீர்கள். நடந்ததை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான்: அசல் பதிவை அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படமும் ஒலியும் சுருங்கிவிடும். சுருங்கியதை மீட்க வழியில்லை. மண்டபத்து ஃபேன் இரைச்சல், பக்கத்து நாற்காலிப் பேச்சு, பல்செட் நழுவும் எழுபத்தைந்து வயதுக் குரல் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன. ஒருவர் சொன்ன ஊர் ஜெசூரா, ஜெய்சல்மேரா? முதலாவது இன்றைய வங்கதேசத்தில், கிழக்கு முனை; மற்றது ராஜஸ்தானில், மேற்கு முனை. சில எழுத்துகள் காதில் விழாததால் அவர் நின்ற போர்முனையே மாறிவிடுகிறது.

குரலை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாக மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) பதிந்தால் மணிக்கு அரை ஜிபி சொச்சம். 64 ஜிபி மெமரி கார்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அன்று போர்த்திய பொன்னாடைகளின் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. கார்டு வாங்கத்தான் நிதி இல்லை போலும்.

இனியாவது வீட்டுக்குப் போய்ப் பதியுங்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ரெக்கார்டர் மீட்டரில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டினால் பதிவு அளவைக் குறையுங்கள். பெயர், சர்வீஸ் நம்பர், யூனிட், சேர்ந்த ஆண்டு நான்கும் அவர் வாயாலேயே முதலில் பதிவாகட்டும். “எதிரியை எப்படி வென்றீர்கள்?” என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். லங்கரில் (பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்) என்ன போட்டார்கள், எழுதத் தெரியாதவருக்கு யார் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். பழைய குரூப் போட்டோவைக் கையில் கொடுங்கள், பெயர்கள் வரும்.

ஒப்புதல் படிவத்தைப் பென்ஷன் காகிதங்களோடு சேர்த்து நீட்டாதீர்கள். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போன தமிழ்ச் சிப்பாய்க்குச் சொல்லவும் இருக்கும், தயங்கவும் காரணம் இருக்கும். ‘என் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம்’ என்றொரு கட்டம் படிவத்தில் வேண்டும்.

ஆண்டு தவறாமல் உயிர்வாழ் சான்று கேட்கத் தெரிந்த அரசுக்கு, உயிரோடு இருப்பவர் பேசியதைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை. இது உங்களை மட்டும் சொல்வதல்ல. கடுமையாகப் பட்டால் பொறுத்தருளுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். அழித்த வீடியோ பல போன்களில் 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். பதிந்த ஊழியர்களை இன்றே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைப்பதைக் கேபிள் போட்டு இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, மூன்றாவது பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். சரிபார்த்து முடிக்கும்வரை, தயவுசெய்து, எதையும் அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாய்மொழி வரலாற்றுப் பதிவாளர்கள்