தேதி இல்லாத பகிர்வுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவமழை நெருங்கினாலே எங்கள் வேளச்சேரிப் பகுதி வாட்ஸ்அப் குழுக்கள் பரபரப்பாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தக் குழுக்கள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எங்கே பால் பாக்கெட் கிடைக்கிறது, படகு எதுவரை வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கூடவே 2015 வெள்ளப் படங்களும் 'இப்போதைய நிலைமை' என்று வலம் வந்தன. 'மாடியில் வயதானவர்கள் தவிக்கிறார்கள், படகு தேவை' என்ற செய்தி, அவர்களை மீட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நம்பி ஒரு படகு காலி வீட்டுக்குப் போனால், நிஜமாகவே தவிக்கிற வீட்டுக்கு அந்தப் படகு கிடைக்காது.

யார் சொன்னது, எந்த இடம், எத்தனை மணிக்கு? இவை இருந்த பதிவுகள்தான் உதவின. மழை இல்லாத நாளிலும் இதையே வழக்கமாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அதே ஆண்டு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது. 2020-ல் பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அதை ஒன்றாகக் குறைத்தது. இதனால் வேகம் குறையும், பொய் பொய்யாகவேதான் இருக்கும். சண்டை முற்றியதும் 'அட்மின் மட்டும்' என்று குழுவைப் பூட்டிவிடுவதும் தீர்வல்ல; நல்ல தகவலுக்கும் சேர்த்தே வாய்ப்பூட்டு விழுகிறது.

தவறாகப் பகிர்ந்தவரை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்வதையும் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் பலரும் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். அவமானப்பட்டவர் அடுத்த முறை தன் தெரு நிலவரத்தைக்கூடச் சொல்லமாட்டார். "இது எப்போது எடுத்ததுங்க? உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று தன்மையாகக் கேட்டாலே போதும், பாதிப் பொய் அங்கேயே நின்றுவிடும்.

இந்த மழைக்கு முன்பே அட்மின்கள் அந்தக் கேள்விகளையும் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணையும் குழு விளக்கத்தில் போட்டுவைக்க வேண்டும். உதவி கிடைத்ததும், கேட்டவரே 'மீட்டாச்சு' என்று எழுதட்டும். பழைய பதிவை அட்மின் உடனே நீக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
வாசகி,
வேளச்சேரி, சென்னை.