வாழைப்பழத்தை எழுதியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப்பட நகைச்சுவை பற்றிச் சென்ற இதழில் ஆறு பக்கத்துக்கு வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியைச் சொல்லும் இடத்தில், "இதற்கெல்லாம் எழுத்தாளர் எதற்கு? கவுண்டமணியும் செந்திலும் கேமரா முன்னால் வந்து நின்றாலே போதும்" என்று ஒரு வரி. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

1989-ல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் கங்கை அமரன். நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். தங்களுக்குத் தெரியாத விஷயமா இது? 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கையால் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலை உடைக்க வைத்தவரும் அவர்தான். ஆறு பக்கத்தில் அவர் பெயருக்கு இடமில்லை. கட்டுரையாளர் எந்த தியேட்டரில் முறுக்கு தின்றார் என்பதற்கு மட்டும் ஒரு பத்தி இருந்தது.

அந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். கவுண்டமணி வாங்கிவரச் சொன்னது இரண்டு, செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டுக் கொண்டுவந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது. செந்தில் கணக்கில் செந்தில் சரி. "நீ தின்ன பழம் எங்கே போச்சு?" என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் காட்சி அத்தோடு முடிந்தது. எப்படிச் சுற்றி வந்தாலும் கவுண்டமணி 'இன்னொண்ணு' என்ற சொல்லிலேயே வந்து முட்டிக்கொள்ளும்படி வேலி கட்டி வைத்திருக்கிறார் எழுதியவர். அந்த இரண்டு நடிகர்களும் இல்லாவிட்டால் இது எடுபடுமா என்று கேட்பீர்கள். எடுபடாது. சமையல்காரர் நல்லவர் என்பதற்காக அரிசியை விளைவித்தவனை மறந்துவிடலாமா?

இன்னொன்றும் (பழமல்ல) சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு விமர்சனத்தில், "லாஜிக்கைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போனால் சிரிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். அழுகைப் படத்தில் லாஜிக் கொஞ்சம் ஓட்டையாக இருந்தால் ஜனங்கள் கர்ச்சீப்பால் அடைத்துக்கொள்வார்கள். காமெடியில் ஒரு இழை நழுவினாலும் சிரிப்பு நின்றுவிடும். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வதை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? கதை கேட்பவர் படமெடுக்கும் மகனுக்குப் பணம் தர வேண்டிய அப்பா, பயப்பட்டதைக் காட்டிக்கொள்ளக் கூடாத பெரிய மனிதர். எழுதிய சித்ராலயா கோபு அப்படி ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறார். இயக்குநர் ஸ்ரீதர் என்ன செய்தார்? பேசுகிற நாகேஷிடம் மட்டும் கேமராவை விட்டுவைக்காமல், பாலையாவின் முகத்துக்கும் தாராளமாக ஃபிலிம் செலவு செய்தார். நமக்குச் சிரிப்பு வருவது கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான். இதற்குப் பெயர்தான் டைரக்‌ஷன். தங்கள் கட்டுரையில் அந்தக் காட்சியும் 'நாகேஷின் மேஜிக்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது.

எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பதினோரு வருஷம் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தவன் நான். இப்போது திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு படத்துக்காக வடபழனி லாட்ஜில் எட்டு நாள் உட்கார்ந்து ஒரு காட்சி எழுதினேன். சீட்டுப் பணம் வசூலிக்கப் போகிறவன், பணம் தர வேண்டியவர் செத்துக் கிடப்பதைப் பார்த்து வாய்விட்டு அழுகிறான். அழுகையைப் பார்த்து உருகிப்போன பாட்டி கேட்கிறாள்: "அவரு உனக்கு என்ன வேணும்ப்பா?" இவன் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பதினெட்டாயிரம்."

அவ்வளவுதான் வசனம். ஐந்நூறு, ஆயிரம், லட்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, பதினெட்டாயிரத்துக்குத்தான் அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். படப்பிடிப்பில் நடிகர் சீன் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று ப்ராம்ப்ட் செய்தது அவர் காதில் விழவேயில்லை. "பதினெட்டாயிரம் ரூபா வேணும் பாட்டி, சீட்டு போட்ட பணம், எல்லாம் போச்சு!" என்று அந்த இடத்திலேயே சேர்த்துப் பேசினார். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. கால்ஷீட் கொடுத்தவர் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

விழுப்புரத்தில் முதல் நாள், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தியேட்டரில் சத்தமே இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டது கேட்டது. மறுநாள் தயாரிப்பாளர் சொன்னார்: "எழுத்து வீக்கப்பா." ஜனங்கள் சிரித்திருந்தால் நடிகருடைய டைமிங் என்று பெயராகியிருக்கும்.

காமெடி டிராக்கைத் தனியாக ஒருவர் எழுதுவதும், கதைக்குச் சம்பந்தமில்லாமல் அதைத் தனியாக எடுத்துப் படத்தில் சொருகுவதும் நம் ஊர் வழக்கமாகவே இருந்தது. எழுதியவர் பெயர் டைட்டில் கார்டில் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிடும். டிவியில் காட்சியை மட்டும் வெட்டிப் போடும்போது அதுவும் இல்லை. கிரேஸி மோகனுக்குப் பெயர் நின்றது என்றால், மேடை நாடகத்தில் சொந்தப் பெயரோடு வந்தவர் என்பதும் ஒரு காரணம். டிராக் எழுதியவர்களின் பெயரைப் பத்திரிகைக்காரர்கள்தானே எடுத்துச் சொல்ல வேண்டும்? நீங்களே எதற்கு என்று கேட்டால் நாங்கள் யாரிடம் போவது?

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: "கரகாட்டக்காரன் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன்." இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவருடைய புகைப்படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வீரப்பன் என்று தேடியதும் முதலில் வருகிற மீசைக்காரர் படத்தை மட்டும் தயவுசெய்து போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி இயக்குநர் ஒருவர்,
திண்டிவனம்.