கடலில் எவ்வளவு மீன்?

அன்புள்ள மச்சான் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது நல்ல செய்தி. அம்மாவின் முழங்கால் நோவு இப்போது எப்படி? நான் சுகம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், இந்தச் செயின்ட் ஜான்ஸில்தான் இன்னும் குளிர் விட்டபாடில்லை.

"கண்ணுக்குத் தெரியாத மீனை எப்படியடா எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். செவிக்கல்லில் தொடங்குவோம். கொட் மீனின் தலைக்குள் இருக்கும் அந்தக் கல்லைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், வருடத்துக்கு ஒன்றாக வளையம் தெரியும். பிடிபட்டதில் எந்த வயது எத்தனை என்று பிரித்து, தானாகச் செத்திருக்கக்கூடியவற்றையும் கூட்டினால், அந்தந்த வருடம் கடலில் எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கிச் சொல்லலாம். பழைய வருடங்களுக்குச் சரி. இந்த வருடத்து மீன் இன்னும் பிடிபடவில்லையே, அதற்குக் கணக்கேது?

1980களில் அதற்கு ஆய்வுக்கப்பல் கணக்கோடு, றோலர்கள் மணிக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். வினையே அங்கேதான். மிஞ்சிய மீன் ஓரிடத்தில் கூடும். றோலருக்கு அந்த இடம் தெரியும். பிடி குறையவே இல்லை, அதனால் கணக்கும் மீன் நிறைய இருப்பதாகக் காட்டியது. நம் சிறகுவலைக்காரர் போல, கரையோரம் பொறிவலை கட்டிக் காத்திருந்தவர்களுக்கோ வரவர மீன் சிறுத்தது. 1986இல் அவர்களுடைய சங்கமே விஞ்ஞானிகளைப் பிடித்து அரசின் கணக்கைச் சோதித்தது. (உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம் தமிழ் அகதிகள் 155 பேரை இந்தத் தீவு மீனவர்கள் தூக்கியதும் அதே வருடம்தான்.)

1992 யூலை 2இல் கனடாவின் மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி இங்கே கொட் பிடிக்கத் தடை அறிவித்தார். ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடம் என்றார்கள். 2024இல்தான் நீங்கியது, 18,000 தொன் வரம்போடு. அதற்கும் வழிவிட்டது கணக்குத்தான்: 2023இல் கணித மாதிரியை 1954 வரை பின்னால் நீட்டினார்கள், அபாயக் கோடு (மீன் இதற்குக் கீழே போனால் ஆபத்து என்ற அளவு) கீழே இறங்கியது. அந்த வருடம் கடலில் மீன் பெருகியதால் அல்ல. கணிதத்தில் எனக்குக் குறையில்லை. தடையை நீக்கியதுதான் அவசரம் என்று படுகிறது.

அப்புறம், உன் மாமாவிடம் ஒரு கொப்பி கொடு. வலை எவ்வளவு நேரம் கிடந்தது, மீன் எத்தனை அங்குலம் என்று எழுதச் சொல். வெறுங்கையோடு திரும்பிய நாளையும் கட்டாயம் எழுதவேண்டும். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
சிவா