சின்னவன் அனுப்பிய வீடியோ

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதைப் போனில் சொல்கிறேன். ஆனால் உன் சின்னவன் விஷயம் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் பேசக்கூடியதல்ல.

சின்னவன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு பையனின் புத்தகப் பையை ஆளுக்கு ஆள் தூக்கிப் போடுகிறார்கள். அவன் நடுவில் ஓடி ஓடித் தவிக்கிறான். சுற்றிலும் சிரிப்பு. அதில் நம்மவன் சிரிப்பும் கேட்கிறது. "தினமும் இப்படித்தான் தாத்தா, செம காமெடி" என்று கீழே எழுதியிருக்கிறான். அந்தத் 'தினமும்' என்னைத் தூங்கவிடவில்லை.

பிள்ளைகள் சண்டை என்று விட்டுவிடாதே. சமபலம் உள்ள இரண்டு பேர் அடித்துக்கொண்டால் மறுநாள் சேர்ந்துவிடுவார்கள். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாத ஒருவன்மேல் நடந்தால் அது கொடுமை. 1970களிலேயே ஸ்காண்டிநேவியப் பள்ளிகளை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் இப்படித்தான் பிரித்துக் காட்டினார். அதனால்தான் இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசிரியர் தலை மறைந்ததும் அந்தப் பையனுக்கு வட்டியோடு கிடைக்கும்.

நம்மவன் பையைத் தொடவில்லையே என்பாய். சரி. ஆனால் அங்கே அடிப்பவனும் அடிபடுபவனும் மட்டும் இல்லையம்மா. கூடச் சேர்பவன், சிரித்து ஏற்றிவிடுபவன், ஒதுங்கிப் போகிறவன், தடுக்க வருபவன் என்று வகுப்பே அதில் இருப்பதை 1996இல் பின்லாந்தின் ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர் எழுதினார்கள். சிரிக்க ஆள் இருப்பதால்தான் அது தினமும் நடக்கிறது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, சக மாணவர் ஒருவர் குறுக்கே வந்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை 10 வினாடிக்குள் அது நின்றிருக்கிறது. நம்மவனால் முடிகிற காரியம் அது.

நீ செய்தவள்தானே! ஒன்பதாம் வகுப்பில் யாரும் பேசாத அந்தப் பெண்ணோடு வருடம் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாய். யாரும் சொல்லித்தரவில்லை. உன் பிள்ளையா இப்படிச் சிரிக்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனைக் கையில் கொடுத்தாய், அதில் என்ன பார்க்கிறான் என்று ஒருநாளாவது கேட்டாயா?

அவனைத் திட்டாதே. திட்டினால் அடுத்த வீடியோ நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். "அந்தப் பையன் மதியம் யாரோடு சாப்பிடுகிறான்?" என்று மட்டும் கேள். சண்டைக்குப் போக வேண்டாம், முதலில் சிரிப்பதை நிறுத்தட்டும், இடைவேளையில் அவன் பக்கத்தில் போய் உட்காரட்டும். ஆசிரியரிடம் சொல்வது கோள்மூட்டுவது ஆகாது என்று புரியவை. மறுபடியும் சொல்கிறேன், திட்டாதே. மாப்பிள்ளையையும் கையை ஓங்கவிடாதே.

வீடியோவை இப்போதைக்கு அழிக்க வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். திங்கட்கிழமை நீயே வகுப்பாசிரியரைப் பார்த்துக் காட்டிவிடு. சின்னவனையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா