திரை பிடித்த கைகளுக்கு நன்றி

அன்பானவர்களுக்கு, வணக்கம்.

செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் எங்கள் பிள்ளைகள் ஆடிவந்த இரத்தசோகை விழிப்புணர்வுத் தெருக்கூத்து, ஒன்பதாவது ஊரோடு சென்ற ஞாயிறு நிறைவடைந்தது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று எழுதாமல் மனம் ஆறவில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. வியாழக்கிழமைதோறும் மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன். மழை பெய்த மறுநாள் காலை, வகுப்பறைச் சன்னலுக்குப் பின்னால் மண்ணில் நீலம் நீலமாகக் கரைந்து கிடந்தன அந்த மாத்திரைகள். சோகைப் பாடத்தைப் பரீட்சையில் சரியாக எழுதிய பிள்ளைகள்தான் எறிந்திருந்தார்கள். ஏனென்று கேட்டேன், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோழிகளிடம் கேட்டாள். ஒரே மதிய இடைவேளையில் எல்லாம் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் குமட்டுகிறதாம், மலம் கறுப்பாகப் போகிறதாம், இது குழந்தை பிறக்காமல் செய்கிற மாத்திரை என்று யாரோ சொன்னார்களாம்.

அந்த மாணவிக்குத்தான் முதல் நன்றி. அவளைப் பார்த்து இன்னும் பதினொருவர் கூத்துக்குச் சேர்ந்தார்கள். 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் ஒத்த வயதுப் பிள்ளைகளையே வழிகாட்டிகளாக்கச் சொல்கிறது. அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கிராம சுகாதார செவிலியர் அம்மா ஆறு சனிக்கிழமைகள் வந்து பிள்ளைகளைப் பழக்கினார். கறுப்பு நிறம் இரும்பால் வருவது, பயமில்லை, சாப்பிட்டபின் போடு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவை, எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். நூறு மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று சொல்லிக்கொடுத்து, பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்தார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. எங்கள் பன்னிருவரில் ஏழு பேருக்கு இருந்தது. படியேறும்போது வாங்கிய மூச்சு சோம்பல் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பிள்ளை அழுதாள்.

கூத்து வாத்தியாரை எப்படிச் சொல்வேன்! நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, பார்ப்பவர்களையே மேடையேற்றுகிற பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் முறையை அவரிடம் விளக்கினேன். "நம்ம கட்டியக்காரன் சபையில இருக்கறவங்களோட பேசறதில்லையா? அவனையே நிறுத்தச் சொல்லும்மா" என்றார். கதையை நடத்திச்செல்லும் அந்தக் கோமாளியே ஆட்டத்தை நிறுத்துவது எங்கள் கூத்தின் உயிராயிற்று. பெண்பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். சோகை அரக்கன் திரைக்குப் பின்னாலிருந்து ஆடிவர, தன் முகவீணைக்காரரையும் அனுப்பிவைத்தார். ஒரு காசு வாங்கவில்லை.

மூன்றாவது ஊரில் நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். அம்மா தன் மகனுக்கு மட்டும் முட்டை வைக்கும் இடத்தில் கட்டியக்காரி கூத்தை நிறுத்தி, "இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றாள். கூட்டத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுந்தார். "வீட்டுல இருக்கறதே ஒரு முட்டைதான். நீங்க சொல்லுங்க." பிள்ளைகளிடம் பதில் இல்லை. பாதியாகப் பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் சமாளிக்காமல், யோசித்து வருகிறோம் என்றார்கள். அடுத்த ஊருக்குப் போவதற்குள் அந்தக் காட்சியையே மாற்றி, வேலியோர முருங்கைக்கீரையையும் கேழ்வரகுக் களியையும் வேர்க்கடலையையும் வெல்லத்தையும் பாட்டில் கொண்டுவந்தார்கள். ஐயா, உங்கள் கேள்வி இல்லாவிட்டால் எங்கள் கூத்து வசதியுள்ளவர் வீட்டுக் கதையாகவே போயிருக்கும். உங்களுக்கு என் வணக்கம்.

இருட்டிய பிறகும் பெண்பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு, மின்சாரம் தந்த டீக்கடை அண்ணனுக்கு, திண்ணையைக் கூட்டிக்கொடுத்து அரிதாரம் பூச இடம் தந்த பாட்டிமார்களுக்கு, எல்லா ஊரிலும் வண்டியோட்டிய தம்பிக்கு நன்றி.

வாத்தியாரிடம் வாங்கிய திரைச்சீலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். ஓரத்தில் கிழிந்ததைப் பிள்ளைகள் தைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். தை பிறந்ததும் திரும்பக் கேட்டு வருவோம். இன்னும் நான்கு ஊர்கள் கூப்பிட்டிருக்கின்றன.

அன்புடன்,
பன்னிரண்டு பிள்ளைகளின் டீச்சர்