கொஞ்சம் வெறும் மண்ணை விட்டுவையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகரங்களில் தேனீக்களைக் காப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் மொட்டைமாடிதோறும் தேனீப் பெட்டி வைத்தால் போதும் என்று அது முடிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டியில் நாம் வளர்ப்பது ஒரு சில இனங்களைத்தான். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. ராணியும் கிடையாது, தேனடையும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகக் கூடமைத்து, மகரந்தத்தைத் தேனோடு பிசைந்து வைத்து, முட்டையிட்டு, வாயிலை மூடிவிட்டுப் போகிறது. காவல் காக்கப் பெருங்கூடு இல்லாததால் இவை கொட்டுவதும் அபூர்வம். பூக்கள் குறைந்த நகரத்தில் பெட்டிகளைப் பெருக்கினால், இருக்கிற கொஞ்ச மகரந்தமும் வளர்ப்புத் தேனீக்களுக்கே போய்விடும்.

இவற்றின் வேலையை எல்லாம் வளர்ப்புத் தேனீ செய்துவிடவும் முடியாது. கத்தரிப் பூவின் மகரந்தப் பைகளில் நுனியில் மட்டுமே சிறு துளை இருக்கும். பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் மகரந்தம் உதிரும். தேனுக்காகப் பரவலாக வளர்க்கப்படும் தேனீ அப்படி அதிர்வதில்லை. காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீ அதிர்கிறது. வண்டு என்று நினைத்து நாம் விரட்டுகிறோமே, அதுதான்.

என் பெருங்கவலை மண்ணைப் பற்றியது. தேனீ இனங்களில் பெரும்பகுதி மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடுகிறது. நாமோ நடைபாதை, வாசல், வண்டி நிறுத்துமிடம் என்று எல்லாவற்றையும் சிமெண்ட் கல்லால் மூடிவிட்டோம். மரத்தின் தூரைக்கூட விடவில்லை. பூங்காக்களில் வெறும் மண் தெரிந்தாலே புல் விரித்துவிடுகிறார்கள். பட்ட கிளையை அன்றே வெட்டி அகற்றுகிறார்கள். பூச்செடி நட்டால் மட்டும் போதுமா? சிறிய தேனீக்கள் பல, கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போவதில்லை. கூடும் பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எனவே பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். வெயில் படும் ஒரு மூலையைக் கொத்தாமல், மூடாமல், பூச்சிமருந்து தெளிக்காமல் அப்படியே விடுங்கள். ஆபத்தில்லாத இடத்தில் ஒரு பட்ட மரக்கட்டை கிடக்கட்டும். கொசுவுக்குப் புகை அடித்தே ஆகவேண்டுமென்றால், பகலில் பூத்த செடிகள்மீது அடிக்காமல், தேனீக்கள் கூடடைந்தபின் அடியுங்கள். வீட்டில் தொட்டிச் செடி வளர்ப்பவர்கள், இலை ஓரத்தில் வட்டமாக வெட்டியிருப்பதைக் கண்டு மருந்தைத் தூக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போன துண்டு அது. செடி அதனால் சாகாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேனீ என்றாலே தேனடைப் படத்தைப் போடும் வழக்கத்தை விட்டு, இந்தத் தனித் தேனீக்களின் படங்களை வாரம் ஒன்றாவது வெளியிடுங்கள். எங்கே கூடு கட்டும், எந்தப் பூவுக்கு வரும் என்ற விவரமும் சேர்த்தால் வாசகர்கள் அவற்றை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்